மண்ணெண்ணெய் ஹீட்டரில் எண்ணெய் எப்படித் திரிக்குப் போகிறது?

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டெல்லி மலை மந்திர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஆர்.கே.புரத்திலேயே இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். படியேறும்போதே கிருஷ்ணாயில் வாடை அடித்தது. உள்ளே போனால் மாமா பழைய துணியை வைத்துக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அவர் முன்னால் அவருடைய ஜப்பான் ஹீட்டர். லடாக்கில் இருக்கும் லே ஊரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது, திரி வைத்த மண்ணெண்ணெய் ஹீட்டர், டெல்லிக் குளிர் மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கும் நாட்களில் மட்டும் வெளியே எடுப்பார். "ராத்திரி அணைச்சுட்டுத்தான்பா படுத்தேன், காலைல பார்த்தா தானா வழிஞ்சு கிடக்கு" என்றார். அணைந்த ஹீட்டரில் எண்ணெய் எப்படித் தானாக வழியும் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, ஆனால் அதைச் சொன்னால் புரிய வேண்டுமானால் அந்த ஹீட்டருக்குள் எண்ணெய் எப்படி நகர்கிறது என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஹீட்டரில் மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது, கரண்ட்டும் தேவையில்லை (சிலவற்றில் பற்றவைக்க மட்டும் பேட்டரி இருக்கும்). நான்கைந்து லிட்டர் எண்ணெய் ஒரு டப்பாவில் தலைகீழாக நிற்கிறது, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி நெருப்பு எரிகிறது. ஆனாலும் நெருப்புக்குப் பக்கத்தில் எந்த நேரமும் ஒரு கிண்ணம் அளவுக்குத்தான் எண்ணெய் இருக்கும். அந்தக் கிண்ணம் காலியாகவும் விடாமல் நிரம்பி வழியவும் விடாமல் பார்த்துக்கொள்வது வெறும் காற்று. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும், ஹீட்டரோடு வரும் எச்சரிக்கைகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம், ஒவ்வொன்றும் ஏன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எண்ணெயிலிருந்து ஆரம்பிக்கிறேன். மண்ணெண்ணெய், சீமெண்ணெய், கிருஷ்ணாயில், இங்கே டெல்லியில் மிட்டி கா தேல், எல்லாம் ஒன்றுதான். கெரோசின் என்ற பெயரை வைத்தவர் ஆபிரகாம் கெஸ்னர் என்ற கனடாக்காரர், 1854-ல், மெழுகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். இந்த எண்ணெயின் பெரிய குணம், சாதாரண அறை வெப்பத்தில் அது சுலபமாக ஆவியாவதில்லை. நம் ஊர் தர அளவுப்படி குறைந்தது 35 டிகிரி செல்சியஸுக்காவது சூடானால்தான், தீக்குச்சியைக் காட்டினால் பற்றும் அளவுக்கு அதன் மேல் ஆவி சேரும். பெட்ரோலுக்கு அந்த எல்லை சுமார் மைனஸ் 40, அதாவது டெல்லியின் கடும் குளிரிலும் அது பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கும். எரிவது திரவம் இல்லை, ஆவிதான். அதனால் மண்ணெண்ணெயில் ஓடும் எந்தக் கருவியானாலும் வேலை இரண்டுதான்: எண்ணெயை நெருப்பு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே மட்டும் அதை ஆவியாக்க வேண்டும்.

கொண்டுபோவது திரி. அகல் விளக்கில் பார்க்கிறோமே, எண்ணெய் கீழே கிடக்கிறது, சுடர் மேலே நிற்கிறது, நடுவில் பஞ்சு. நூலிழைகளுக்கு நடுவே இருக்கிற நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் தானாக மேலே ஏறுகிறது. வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறி வருவதும் இதே சங்கதிதான், நுண்புழை ஏற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் திரிக்கு ஒரு பலவீனம் உண்டு, எண்ணெய் மட்டம் கீழே போகப் போக அது கொண்டுவரும் அளவு குறைந்துகொண்டே போகும். இந்தியன் ஆயில் உருவாக்கிய நூதன் திரி ஸ்டவ் எங்கள் வீட்டில் இருந்தது, தொட்டி அடியில், திரிகள் மேலே. நிறைய எண்ணெய் இருக்கும்போது நன்றாக எரியும், அடியில் கொஞ்சம் கிடக்கும்போது சோர்ந்துபோகும், அம்மா உடனே "எண்ணெய் ஊத்து" என்பார். சமையலுக்கு அது பரவாயில்லை. ராத்திரி ஐந்தாறு மணி நேரம் ஒரே சீராக எரிய வேண்டிய ஹீட்டருக்கு அது சரிப்படாது. எண்ணெய் நிறைய வேண்டும், ஆனால் திரியின் காலடியில் மட்டம் மாறவே கூடாது.

அதற்குத்தான் அந்தத் தலைகீழ் டப்பா. சென்னையில் வீட்டுக்கு வீடு 20 லிட்டர் தண்ணி கேனை மண்பானை மாதிரி ஒரு தொட்டி மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தால் கேனுக்குள் 'களக்' என்று ஒரு குமிழி மேலே ஏறும், கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கும், அப்புறம் நின்றுவிடும். கேனில் அத்தனை தண்ணீர் இருந்தும் தொட்டி ஏன் வழிவதில்லை? தொட்டியில் மட்டம் உயர்ந்து கேனின் வாயை மூடியதும், உள்ளே காற்று போக வழியில்லாமல் போய்விடுகிறது. காற்று உள்ளே போகாமல் தண்ணீர் வெளியே வர முடியாது. வெளிக்காற்றின் அழுத்தம் கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்த அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும், மண்ணெண்ணெய் இன்னும் லேசானது என்பதால் அதைப் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் தாங்கும். ஹீட்டர் டப்பா ஒரு முழம்கூட வராது.

ஹீட்டரில் நடப்பது அச்சாக அதுதான். டப்பாவை நிமிர்த்தி வைத்து எண்ணெய் ஊற்றி மூடியைத் திருகுகிறோம். மூடியின் நடுவில் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு ஒன்று இருக்கும், கவிழ்த்தாலும் அது அடைத்துக்கொண்டே இருக்கும். ஹீட்டரின் பள்ளத்தில் டப்பாவை இறக்கியதும், அங்கே நட்டு வைத்திருக்கும் ஒரு ஊசி அந்த வால்வை மேலே தள்ளித் திறக்கிறது. எண்ணெய் கீழே உள்ள ஆழமில்லாத தட்டில் இறங்கும், வழியில் ஒரு வலை வடிகட்டி, தூசியைப் பிடிக்க. மூடியின் வாய் மூழ்கும் வரை இறங்கிவிட்டு நின்றுவிடும். அந்தத் தட்டில்தான் திரியின் கால் நனைந்து நிற்கிறது. திரி கொஞ்சம் குடிக்கும், மட்டம் ஒரு நூல் அளவு இறங்கும், மூடியின் வாயோரம் காற்றுக்குத் திறக்கும், ஒரு குமிழி உள்ளே போகும், அதன் இடத்துக்குச் சமமான எண்ணெய் கீழே வரும், மறுபடி வாய் மூடிக்கொள்ளும். இரவில் அமைதியாக இருக்கும்போது ஹீட்டர் அவ்வப்போது 'களுக்' என்று சொல்வது இதுதான். திரி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் டப்பா கொடுக்கும். இவ்வளவு எளிமையான ஒன்று இவ்வளவு துல்லியமாக நடப்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது இதைக் கெடுப்பது எது என்று யோசியுங்கள். டப்பாவின் மேல் பகுதிக்குள் காற்று வேறு வழியாக நுழைந்தால் அவ்வளவுதான், தாங்கிப் பிடிக்கும் பிடி விட்டுவிடும். ஊசிமுனை ஓட்டை போதும். நெருப்பு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதைப் பற்றி எண்ணெய்க்குக் கவலையில்லை, மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், தட்டு நிரம்பும், வழியும். மூடியைச் சரியாகத் திருகாமல் டப்பாவைத் தூக்கிக் கவிழ்ப்பது இதைவிட மோசம், அப்போது கொட்டியே விடும், அதனால்தான் ஹீட்டரை அணைத்து ஆறவிட்ட பிறகுதான் டப்பாவை எடுக்க வேண்டும், நிரப்புவதை வேறு இடத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்கிறார்கள். மூடியைத் திருகியதும் ஹீட்டரிடம் போகும் முன்பே ஒரு முறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பால்கனிக் குளிரில் இருந்த டப்பாவை விளிம்பு வரை நிரப்பாமல் பாதியாகக் கொண்டுவந்து சூடான அறையில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து எண்ணெயைக் கொஞ்சம் கீழே தள்ளும். 8 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு வந்தால் காற்று நூற்றில் நான்கு பங்கு விரியும். தட்டில் அதற்கு இடம் விட்டுத்தான் செய்திருப்பார்கள். ஆனால் இதே காரணத்தால்தான் பெட்ரோல் கலந்த எண்ணெய் அத்தனை ஆபத்து. பெட்ரோல் துளி கலந்திருந்தாலும் டப்பாவின் சூட்டில் அது ஆவியாகி, மேலே இருக்கும் இடத்தில் அழுத்தத்தை ஏற்றி, எண்ணெயைப் பலமாகக் கீழே அழுத்தும். தட்டு வழியும், வழிவதோ உடனே பற்றக்கூடிய கலவை, பக்கத்தில் நெருப்பு. பெட்ரோல் இருந்த கேனைக் கழுவிவிட்டு அதில் மண்ணெண்ணெய் வாங்கி வருகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய்க்கென்று ஒரு கேன், வேறு நிறத்தில், வேறு இடத்தில்.

இனி திரியின் மேல் முனைக்கு வருவோம். ஹீட்டர் திரி வட்டமாக, ஒரு குழாய் போல இருக்கும். கீழ்ப்பகுதி பருத்தி, நன்றாகக் குடிக்க. மேல் விளிம்பு பெரும்பாலும் கண்ணாடி இழை, ஏனென்றால் அது எரியக்கூடாது, சூட்டைத் தாங்கி எண்ணெயை ஆவியாக்க மட்டும் வேண்டும். அகல் திரி கருகிக் கருகித் தூண்டிவிட வேண்டியிருப்பது போல இது இருந்தால் மாதம் ஒரு திரி மாற்ற வேண்டும். இந்த விளிம்புக்கு மேல் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த இரண்டு மூன்று உலோக உருளைகள் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும், அதுதான் பர்னர். ஆவி உருளைகளுக்கு நடுவே மேலே போகிறது, சூடான காற்று மேலே எழுவதால் கீழிருந்து புதுக் காற்று ஓட்டைகள் வழியாக இழுக்கப்பட்டுக் கலக்கிறது, புகையில்லாமல் எரிகிறது, உருளை செக்கச்செவேல் என்று பழுக்கிறது. அந்தச் சிவப்புதான் எதிரே உட்கார்ந்திருப்பவர் முழங்காலில் உறைக்கிற சூடு.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். எண்ணெய் மிச்சமாகட்டும் என்று திரியை ரொம்பக் கீழே இறக்கி எரிப்பார்கள். கேஸ் அடுப்பு மாதிரி இது 'சிம்'மில் ஓடாது. பர்னர் முழுவதும் சூடாக இருந்தால்தான் எண்ணெய் முழுசாக எரியும். திரி தாழ்ந்தால் சுடர் கீழேயே தங்கி, பர்னர் ஆறி, பாதி எரிந்த ஆவி நாற்றமாக அறைக்குள் வரும், கார்பன் மோனாக்சைடும் கூடும். திரி விளிம்பில் தார் மாதிரி ஒன்று கெட்டியாகப் படியும். தார் படிந்த திரி உறைக்குள் ஒட்டிக்கொண்டு, அணைக்கும்போது கீழே இறங்காமல் அடம்பிடிக்கும். இந்த ஹீட்டரை அணைப்பது என்றாலே திரியைக் கீழே இழுப்பதுதான், அதற்கு வால்வு ஏதும் கிடையாது, அதனால் ஒட்டிக்கொள்ளும் திரி சின்ன விஷயம் இல்லை. கண்ணாடி இழைத் திரியாக இருந்தால், டப்பாவை எடுத்துவிட்டு வெளியே காற்றோட்டமான இடத்தில் தட்டு வற்றும் வரை எரியவிட்டால் தார் எரிந்து சாம்பலாகிவிடும். முழுப் பருத்தித் திரிக்கு இதைச் செய்யக்கூடாது, திரியே கருகிவிடும். புதுத் திரி போட்டால் எண்ணெய் நன்றாக ஊற அரை மணி, ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.

ஹீட்டர் சாய்ந்தாலோ பலமாக ஆடினாலோ உள்ளே இருக்கும் ஒரு எடை அசைந்து, ஸ்பிரிங் விடுபட்டு, திரி சட்டென்று கீழே இறங்கி அணையும். ஜப்பான் நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாடு, அங்கே இது இல்லாமல் ஹீட்டர் இல்லை. ஆனால் இது இறக்குவது திரியைத்தான், டப்பா எண்ணெயை இது நிறுத்தாது.

தண்ணீர் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், மாமா வீட்டுக் கதையும் அங்கேதான் போகிறது. மண்ணெண்ணெய் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு சுமார் 800 கிராம். அதனால் உள்ளே தண்ணீர் வந்தால் அது அடியில் போய் உட்காரும், திரியின் கால் இருப்பதும் அங்கேதான். திரி தண்ணீரைக் குடித்துவிட்டால் எண்ணெய் ஏறும் பாதை அடைபடும், சுடர் படபடவென்று வெடிக்கும், தணியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், பாதி எண்ணெயோடு டப்பாவைக் கோடையிலும் மழைக்காலத்திலும் அப்படியே போட்டு வைக்கிறோமே, உள்ளே இருக்கும் ஈரக் காற்று இரவில் குளிர்ந்து சுவரில் வேர்த்து அடியில் இறங்கும். இரும்புத் தகட்டு டப்பா என்றால் அடித்தையல், அதாவது அடியில் தகடுகளை இணைத்த இடம், துருப்பிடிக்கும்.

வேறு வகை ஹீட்டர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். குளிர் நாடுகளில் பெரிய ஷெட்டிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் பீரங்கி மாதிரி நீளமான ஒன்றை வைத்திருப்பார்கள், அதில் தொட்டி அடியில், திரி கிடையாது. ஒரு சின்ன மோட்டார் காற்றை அழுத்தி நுனிக்குழல் வழியாக ஊதும், அந்த வேகத்தில் அழுத்தம் குறைந்து கீழிருந்து எண்ணெய் உறிஞ்சப்பட்டுத் தூவானமாகத் தெறிக்கும். பழைய கொசுமருந்து ஃபிளிட் பம்ப் ஞாபகம் இருப்பவர்களுக்கு உடனே புரியும், அதேதான். நம் பம்ப் ஸ்டவ் நேர் எதிர்: அங்கே தொட்டிக்குள் காற்றடித்து எண்ணெயை மேலே தள்ளுகிறோம், ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கிய குழாயில் அது ஆவியாகி நிப்பிள் ஓட்டையில் சீறுகிறது, அடைத்தால் பின் குத்துகிறோம். லடாக்கில் மாமா பார்த்த புகாரி என்ற கணப்பு அடுப்பில் இது எதுவும் இல்லை, உயரத்தில் ஒரு தொட்டி, ஒரு குழாய், சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கி எரியும், புகை குழல் வழியாகக் கூரைக்கு மேல் போகும். அதில் நெருப்பு அணைந்தாலும் சொட்டு நிற்காது, தேங்கிய எண்ணெயின் மேல் மறுபடி தீ வைப்பது பெரிய விபத்து. நம் தலைகீழ் டப்பாவின் அருமை அப்போதுதான் தெரியும்.

புகைக்குழல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், திரி ஹீட்டருக்குக் குழல் கிடையாது, எரிந்தது எல்லாம் அறைக்குள்தான். மணிக்கு கால் லிட்டர் எரிக்கும் ஹீட்டர் சுமார் 2.4 கிலோவாட் சூடு கொடுக்கும், ஒரு கீஸர் அளவுக்கு. கூடவே சுமார் 600 கிராம் கார்பன் டைஆக்சைடும், கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீரும் ஆவியாக வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை இறுக்கி மூடிவிட்டால், ஒரே மணி நேரத்தில் அறைக் காற்றில் நூற்றில் ஒரு பங்கு கார்பன் டைஆக்சைடு ஆகிவிடும், வெளிக்காற்றில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல். ஆக்சிஜன் குறையக் குறைய எரிவதும் அரைகுறையாகும், அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாடையே கிடையாது. இந்த ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் மூடிய அறையில் அங்கீட்டி (கரி அடுப்பு) வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்கள் செய்தி வருகிறது. ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள், எரியவிட்டுத் தூங்காதீர்கள்.

மாமாவுக்கு எண்ணெய் கிடைப்பதே கஷ்டம். 2014-ல் டெல்லியை மண்ணெண்ணெய் இல்லாத நகரம் என்று அறிவித்துவிட்டார்கள், ரேஷனில் கொடுப்பது நின்றுபோனது. அதனால் மிச்சம் இருப்பதை வீணாக்க மனசில்லாமல் ஒவ்வொரு வருடமும் பாதி டப்பாவோடு பால்கனியில் நிமிர்த்தி வைத்துவிடுவார். "அங்க தரையில கறை ஏதாவது இருந்துதா மாமா?" என்று கேட்டேன். மாமிதான் சொன்னார், இருந்தது, தேய்த்தும் போகவில்லை என்று.

அங்கேதான் எனக்கு உறுதியானது. நிமிர்ந்து நிற்கும்போது அடியில் இருக்கும் தையல்தான் கவிழ்த்தால் உச்சியில் இருக்கும். பால்கனியில் அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் கசிந்திருக்கிறது, ஆனால் மேலே மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளே காற்று போக வழியில்லை, கசிவு கறையோடு நின்றுவிட்டது. கவிழ்த்து வைத்ததும் அதே ஓட்டை காற்று உள்ளே போகும் வழியாகிவிட்டது.

டப்பாவைக் காலி செய்து, மூடியைத் திருகி, பால்கனியில் ஒரு மணி நேரம் குளிரவிட்டோம். அப்புறம் உள்ளே கொண்டுவந்து, அடித்தையல் முழுக்கச் சோப்பு நுரையைத் தடவி, கரண்ட் ஹீட்டர் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி நியூஸ்பேப்பர் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். உள்ளே காற்று விரிய வேண்டும், வெளியேற வழி இருந்தால் நுரை காட்டிவிடும். மாமி கொடுத்த காபியை முடிப்பதற்குள், ஒரு மூலையில் கடுகளவு குமிழி எழும்பியது, பெரிதாகி உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே குனிந்து பார்த்தார், பேனாவால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், டப்பாவைக் கொண்டுபோய்க் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரருக்குப் போட வைத்திருந்த சாமான்களோடு வைத்தார்.